பழைய பொறியும் புதிய சாரதியும்

பழைமை ஒன்றே ஒரு பொருளை விலக்குதற்குப் போதிய காரணமாகாது. அப்புத்தளைக்கு அணித்தாய தம்பேத்தன்னையில் தோமஸ் லிப்டன் 1890இல் எழுப்பிய தேயிலைத் தொழிற்சாலை இன்றும் நிற்கிறது. மலைநாட்டுத் தொழிற்சாலைகளில் ஒருகாலத்தில் நீர்ச்சில்லும் நீராவியும் சுழற்றிய பொறிகளைப் பிற்காலத்தில் மின்விசை சுழற்றிற்று. விசை மாறியமையாற் பொறியை எவரும் பள்ளத்தில் எறிந்துவிடவில்லை.

கணினியின்கண் இந்நெறியை நாம் மறந்துவிடலாகாது. விண்டோஸ் 10 இயங்குதளத்துக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வழங்குவதை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் பொதுவில் நிறுத்திற்று. விண்டோஸ் 11, ரி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு உறுப்பையும் குறித்த சில செயலிகளையும் வேண்டிநிற்பது. ஆதலின், 2017க்கு முற்பட்ட கணினிகளுட் பெரும்பாலானவை பழுதின்றி இருந்தும் அதன் வாயிலிலே தடுக்கப்படுகின்றன.

அச்சுப்பொறி, வருடி முதலியவற்றின் இடர் வேறு. கருவிக்கும் இயங்குதளத்துக்கும் இடையே நின்று, ஒன்றன் ஏவலை மற்றதற்கு உணர்த்தும் மென்பொருள் ஒன்றுண்டு. ஆங்கிலத்தில் அதனை டிரைவர் என்பர். நம் நாட்டு வழக்கிற் சாரதி எனலாம். விண்டோஸ் 11, 64 பிட் வடிவில் மட்டுமே வருவது. 32 பிட் தளத்துக்கென எழுதப்பட்ட சாரதி அத்தேரில் ஏறமாட்டான். கருவியைச் செய்த நிறுவனம் புதிய சாரதியை அனுப்பாதுவிடின், நல்ல அச்சுப்பொறியும் ஊமையாகலாம்.

இதற்கு மாற்று உண்டு. 1991இல் லினஸ் தோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ், பழைய கருவிகள் பலவற்றின் சாரதிகளைத் தன்னகத்தே கொண்டது, விலையின்றிக் கிடைப்பது, தமிழைக் காட்டவும் எழுதவும் வல்லது. அதன் பதிப்புகள் பலவற்றைப் பென்டிரைவிலிருந்தே இயக்கி, வன்தட்டைத் தொடாது சோதிக்கலாம். அச்சு விழுகிறதா, வருடி படிக்கிறதா, தமிழ் விசைப்பலகை இணங்குகிறதா என்று கண்டு, கோப்புகளைப் படியெடுத்து வைத்தபின் நிறுவுதலே முறை. எல்லாக் கருவிகளும் இணங்கிவிடும் என்பதில்லை. இணங்காத ஒன்றின்பொருட்டுப் பழைய தளத்தையே இணையத் தொடர்பின்றி வைத்துக்கொள்ளுதலும் தகும்.

பசறையிலோ லுணுகலையிலோ உள்ள ஒரு தோட்டப் பாடசாலைக்கு இஃது ஏட்டளவில் நிற்கும் ஆராய்ச்சியன்று. க.பொ.த. சாதாரண தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் ஒரு பாடம். கைதொட்டுப் பயிலாத மாணவனுக்கு அஃது ஏட்டுச் சுரைக்காயே. ஒரு கணினி கழியுமாயின், விசைப்பலகை முன் அமரக் காத்திருக்கும் பிள்ளைகளின் முறை அவ்வளவு தள்ளிப்போகும். பழையன நீங்குதல் குற்றமன்று என நன்னூலார் விதித்தது உண்மையே. ஆயின், வழக்கிறந்த சொற்களுக்கு ஏற்ற அவ்விதியை, இன்னும் வழங்கத்தக்க பொறிகளின்மேல் ஏற்றுதல் பொருந்தாது. கழிவுப் பட்டியலில் எழுதுமுன் ஒரு மாலைப்பொழுதைச் சோதனைக்கு ஒதுக்குதல் ஆசிரியராகிய நம் கடன்.