மிராசு: செங்கல்பட்டில் வேர்விட்ட அரபுச் சொல்

வட்டாட்சியர் அலுவலகத்தில் நாம் கேட்டு வாங்கும் சான்றிதழில் உள்ள 'வாரிசு', பழைய திரைப்படங்களில் பண்ணையாருக்கு அடைமொழியான 'மிராசு' ஆகிய இரண்டும் ஒரே அரபு வேரில் பிறந்தவை. அரபியில் மீராஸ் என்றால் தலைமுறை வழியாக இறங்கும் சொத்து. உடையவர் என்று பொருள்படும் பாரசீக 'தார்' ஒட்டிக்கொண்டதும் மிராசுதார் ஆனார். இந்திய ஆங்கிலத்திலும் அந்தச் சொல் ஏறியது.

அது வேர்விட்ட இடங்களில் முக்கியமானது செங்கல்பட்டு. 1763இல் ஆற்காட்டு நவாப் முகம்மது அலி இந்தச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக, அதாவது வரி வசூலிக்கும் உரிமையோடு, கொடுத்தார். வரி வசூலிக்க வந்த துரைமாருக்கு ஒரே கேள்விதான்: நிலம் யாருடையது? ஒரு நிலத்துக்கு ஓர் உடைமையாளர் என்ற அவர்கள் ஊர்க் கணக்கு இங்கே பலிக்கவில்லை. இங்கிருந்தது காணியாட்சி. ஊரே பங்குகளாகப் பிரிந்திருந்தது. பங்காளி ஒருவர் தம் பங்கை விற்கலாம், அடகு வைக்கலாம். சில ஊர்களில் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை வயல்களையே மாற்றிப் பகிர்ந்துகொள்வார்கள். அதற்குப் பசுங்கரை என்று பெயர். இத்தனையையும் கம்பெனி 'மிராசு' என்ற ஒரே சொல்லில் அடைத்தது.

1794 முதல் 1798 வரை இங்கே கலெக்டராக இருந்த லயோனல் பிளேஸ் மிராசுதாரர்களோடு மல்லுக்கட்டினார். பின்னர், தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பம் என்று 1816இல் எடுத்துக்காட்டிய எல்லிஸ், மிராசு உரிமை பற்றிய பதினேழு கேள்விகளுக்கு 1818இல் விரிவாக விடை எழுதினார். அவருடைய அலுவலர் சங்கரய்யா அதில் துணை நின்றார். காணியாட்சியின் நுட்பத்தை இவ்வளவு அக்கறையோடு பதிந்த ஆங்கிலேயர் வேறொருவரைச் சொல்வது கடினம்.

ஆனால் பங்கில்லாதவர்கள்? தரிசு நிலத்திலும் மிராசுதாருக்கே முன்னுரிமை. அதனால் சேற்றில் இறங்கி உழைத்த பறையர்கள் ஒரு துண்டு தரிசு கேட்டாலும் அது தட்டிப்போனது. குடியிருந்த மனைகூட அவர்களுக்குச் சொந்தமில்லை. செங்கல்பட்டுக் கலெக்டர் திரமென்ஹீர் 1891இல் இந்த அநீதியை அரசுக்கு எழுதினார். அதன் தொடர்ச்சியாக 1892இல் ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்கும் ஆணை வந்தது. பஞ்சமி நிலம் என்று மக்கள் சொல்வது அதைத்தான்.

அந்த நிலங்களில் பல பிறர் கைக்குப் போயின. மாமல்லபுரத்தை அடுத்த காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கக் கிளம்பிய போராட்டம், 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டைச் சந்தித்தது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தார்கள். அவர்கள் கேட்டது, நூறாண்டுக்கு முன்பே அரசு எழுதிக் கொடுத்த நிலத்தை.