ரயிலிலிருந்து இறக்கப்பட்டவர்கள்

புது தில்லி: சில ஆண்டுகளுக்கு முன், உறவினர் ஒருவருக்காகத் தலைநகரின் அரசு மருத்துவமனை ஒன்றின் அவசர சிகிச்சைப் பிரிவில் இரவு முழுவதும் காத்திருக்க நேர்ந்தது. அதிகாலை 2 மணி இருக்கும். ரயில்வே போலீஸார் இருவர் ஓர் இளம் பெண்ணை அழைத்து வந்தனர். நெடுந்தூர ரயிலின் கழிவறையில் தாழிட்டுக்கொண்டு வெளியே வர மறுத்தவராம். பயணச்சீட்டு இல்லை, பை இல்லை. ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார், அங்கிருந்த எவருக்கும் அது விளங்கவில்லை.

"மதராஸி" என்று முடிவு கட்டிய ஊழியர் ஒருவர் என்னை அழைத்தார். விந்திய மலைக்குத் தெற்கே ஒரே மொழிதான் என்பது தில்லியின் பழைய நம்பிக்கை. அந்தப் பெண் பேசியது தெலுங்கு. என் அரைகுறைத் தெலுங்குக்கு எட்டியது, அவர் தண்ணீர் கேட்கிறார் என்பது மட்டுமே.

பணியிலிருந்த இளம் மருத்துவர், சீட்டில் பெயருக்கு எதிரே "தெரியவில்லை" என்றும், கீழே "மனநோய், மனநல மருத்துவமனைக்கு அனுப்பவும்" என்றும் எழுதினார். அனுப்புவது யார்? போலீஸாரிடம் வாகனம் இல்லை. உடன் செல்ல உறவினர் இல்லாமல் ஆம்புலன்ஸ் வராது என்றனர். இந்த வாக்குவாதத்துக்கு நடுவே மூத்த செவிலியர் ஒருவர் அந்தப் பெண்ணின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தெர்மாமீட்டரை வைத்தார். 103 டிகிரி. அதன் பிறகே சலைன் ஏற்றப்பட்டது. ரத்தம் சோதனைக்குப் போனது. விடிந்து நான் கிளம்பியபோது அவர் உறங்கிக்கொண்டிருந்தார். சீட்டில் பெயர் அப்போதும் எழுதப்படவில்லை.

பயணத்தில் மனம் தடுமாறுவோர் எல்லோரும் நாள்பட்ட மனநோயாளிகள் அல்லர். முன்பதிவில்லாப் பெட்டியில் இரண்டு இரவு உறக்கமின்றி நின்றுகொண்டே வருபவர், தண்ணீர் குடிக்காமல் வற்றிப்போனவர், மாத்திரையை ஊரிலேயே மறந்துவிட்டு வந்தவர் என்று பலர். தினமும் குடித்துப் பழகியவருக்குத் திடீரென மது நின்றால், இரண்டாம் மூன்றாம் நாளில் நடுக்கமும் இல்லாததைக் காணும் மயக்கமும் வரலாம். அது உயிருக்கே ஆபத்தானது. ரத்தத்தில் சர்க்கரை குறைந்தாலும், தலையில் அடிபட்டாலும், மூளையைத் தாக்கும் காய்ச்சலாலும் மனிதர் பிதற்றுவார். ஆகவே காய்ச்சல், சர்க்கரை, காயம் ஆகியவற்றைப் பார்த்த பிறகுதான் மனநோய் என்ற சொல்லையே எழுத வேண்டும். முதலிலேயே எழுதிவிட்டால் அதன் பிறகு யாரும் தேடுவதில்லை.

சட்டத்தில் குறை சொல்ல அதிகம் இல்லை. 1987-ம் ஆண்டு மனநலச் சட்டப்படி, திரிந்துகொண்டிருக்கும் மனநோயாளியைப் போலீஸார் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டியிருந்தது. கிட்டத்தட்டக் குற்றவாளியைப் போலத்தான். 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் அந்த வழியை மாற்றியது. அதன் 100-வது பிரிவின்படி, அவரை 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவ நிலையத்துக்குக் கொண்டு செல்ல வேண்டும். லாக்-அப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது. வீடற்றவர் என்றால் காணாமற்போனவராக எஃப்.ஐ.ஆர். பதிந்து குடும்பத்தைத் தேடுவதும் போலீஸ் நிலையத்தின் பொறுப்பு.

94-வது பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. உயிருக்கு ஆபத்து, தனக்கோ பிறருக்கோ கடும் தீங்கு என்ற நிலையில், பதிவு பெற்ற எந்த மருத்துவரும் சிகிச்சை தரலாம்; மனநல மருத்துவராக இருக்க வேண்டியதில்லை. பொதுவாக 72 மணி நேரம் வரை இது செல்லும். மனநல நிலையத்துக்குக் கொண்டு செல்வதும் இந்தச் சிகிச்சையில் அடங்கும். மின்அதிர்வுச் சிகிச்சைக்கு மட்டும் தடை. உடல் நோயாளிக்குக் கிடைக்கும் அதே தரத்தில் ஆம்புலன்ஸ் மனநோயாளிக்கும் உரிமை என்கிறது 21-வது பிரிவு. உறவினர் இருந்தால்தான் வண்டி என்ற பேச்சுக்கு இனி இடமில்லை.

இந்த மசோதா 2016 ஆகஸ்டில் மாநிலங்களவையிலும், 2017 மார்ச்சில் மக்களவையிலும் நிறைவேறியது. தற்கொலை முயற்சியைத் தண்டனையிலிருந்து விலக்கிய பிரிவே தலைப்புச் செய்தியானது. பத்திரிகையாளர் மாடத்திலிருந்த நாங்களும் அதையே எழுதினோம். அவசரப் பிரிவு வாசலில் நிற்பவரைப் பற்றிய பிரிவுகள் எங்கள் குறிப்பேட்டுக்குள் வரவில்லை. சட்டம் 2018 மே 29-ல் நடைமுறைக்கு வந்தது.

அரசு மருத்துவர்கள் அனைவருக்கும் அவசர மனநல சிகிச்சையில் பயிற்சி தர வேண்டும் என்று 31-வது பிரிவு கூறுகிறது. இதுதான் உயிர்நாடி. ஏனெனில் மனநல மருத்துவர்களுக்காகக் காத்திருந்தால் நடக்காது. லட்சம் பேருக்கு 0.75 மனநல மருத்துவரே இருப்பதாக, 2023 ஆகஸ்டில் சமர்ப்பிக்கப்பட்ட நாடாளுமன்ற நிலைக்குழு அறிக்கை சுட்டிக்காட்டியது. நள்ளிரவில் அவசரப் பிரிவு மேஜையில் இருப்பவர் ஓர் இளம் மருத்துவர்தான். 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மானஸ்' தொலைபேசிச் சேவையில் (14416) தமிழ், தெலுங்கு உள்ளிட்ட பல மொழிகளில் ஆலோசனை கிடைக்கிறது. அந்த எண்ணை மேஜையில் ஒட்டி வைக்கப் பெரிய செலவு ஏதுமில்லை.

ஊர் திரும்புவது தனிக் கதை. தில்லியில் பதியும் எஃப்.ஐ.ஆர். ராயலசீமையின் ஒரு கிராமத்துக்கு எப்படிப் போய்ச் சேரும்? சென்னையில் 1993-ல் தொடங்கிய 'பேன்யன்' அமைப்பு, திக்கற்ற மனநோயாளிப் பெண்களுக்குச் சிகிச்சை தந்து குடும்பத்துடன் சேர்த்துவருகிறது. மும்பை மனநல மருத்துவர் பரத் வட்வானிக்கு இதே பணிக்காக 2018-ல் மகசேசே விருது கிடைத்தது. அவரது அமைப்பின் பணியாளர்கள், தெருவிலிருந்து மீட்டுக் குணமாக்கியவர்களை அவரவர் ஊருக்கே உடன் சென்று ஒப்படைக்கிறார்கள். கையில் சில மாத மாத்திரைகளும் இருக்கும்.