முதுகு வலியும் கொழுந்துக் கூடையும்

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் எவரேனும் முதுகு வலிக்கிறது என்றால், கொழுந்துக் கூடையின் மீதே பழி விழுகிறது. தைலம் தேய்த்து ஓய்கிறோம். பெரும்பாலும் அது சரியே. ஆயினும் ஓய்வெடுத்தும் தணியாமல் இரவில் மிகும் வலியுடன் மாலைக் காய்ச்சலும் உடல் மெலிவும் வாரக்கணக்கில் நீடித்தால், முதுகெலும்பில் காசநோய் பற்றியிருக்கக் கூடும். இருமல் இல்லையே என்று ஏமாறலாகாது.

நுரையீரலில் தங்கிய கிருமி இரத்தத்தின் வழியே முள்ளெலும்பை அடைந்து அதனை அரிக்கிறது. எலும்பு நொறுங்கினால் கூன் விழும். சீழ் தண்டுவடத்தை அழுத்தினால் கால்கள் செயலிழக்கும். ஆகவே காலம் கடத்தாமல் தானா ராத்தா மருத்துவமனைக்குச் சென்று படம் எடுத்துப் பார்த்தல் வேண்டும்.

முன்னாளில் நோயாளியை மாதக்கணக்கில் மாவுக்கட்டிலிட்டுப் படுக்கையில் கிடத்தினர். 1960களில் கொரியாவிலும், 1975 முதல் சென்னைச் சேத்துப்பட்டுக் காசநோய் ஆய்வு நிலையத்திலும் நடந்த ஆய்வுகள் அவ்வழக்கத்தை மாற்றின. சென்னையில் ஆறு அல்லது ஒன்பது மாதம் ரிபாம்பிசின், ஐசோநயாசிட் உட்கொண்டு, நடமாடியபடியே இருந்தவர்களுள் மிகப் பெரும்பாலோர் குணமடைந்தனர். அறுவை சிகிச்சை சிலருக்கே தேவைப்படுகிறது.

இன்று தொடக்கத்தில் நான்கு மருந்துகள் தரப்படுகின்றன. வலி நின்றதும் மருந்தை நிறுத்துவோர் உளர். கிருமி அப்போதும் சாகவில்லை. ரிபாம்பிசினால் சிறுநீர் செந்நிறமாகும். அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.