கடல் தாண்டிய பிழைப்பு – 11: மணிக்கூண்டுக்குப் பக்கத்தில்

பினாங்கு குடிநுழைவுத் துறையின் அலுவலகம் ஜார்ஜ் டவுனில், லெபோ பந்தாயின் கடலோர முனையில் இருக்கிறது. பக்கத்திலேயே ஒரு மணிக்கூண்டு. விக்டோரியா மகாராணி பட்டமேறிய அறுபதாம் ஆண்டு நினைவாக, ஆண்டுக்கு ஓர் அடி வீதம் 60 அடி உயரத்துக்கு சியா சென் இயோக் என்ற சீனச் செல்வர் கட்டிக்கொடுத்தது. இரண்டாம் உலகப் போரில் அருகே விழுந்த குண்டுகளின் அதிர்வில் லேசாகச் சாய்ந்தது. இன்றும் சாய்வாகத்தான் நிற்கிறது. வேலை அனுமதியான பாஸ் முடிய இன்னும் எத்தனை நாள் என்று விரல் மடக்கிக்கொண்டு வருகிறவர் கண்ணில் முதலில் படுவது ஒரு கடிகாரம். யாரும் திட்டமிட்டு வைத்ததல்ல.

சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் வரும் பொறியாளர்கள் பெரும்பாலும் வேலை பார்ப்பது தீவின் தெற்கே, பாயான் லெப்பாஸில். முதலமைச்சர் லிம் சோங் இயூ காலத்தில், 1972-இல், வயல்வெளியாகக் கிடந்த இடம் தடையற்ற தொழில் வட்டாரமானது. அதே ஆண்டு இன்டெல் வந்தது. பின்னாலேயே மற்ற சிப்பு, மின்னணு நிறுவனங்களும் வரிசையாக வந்தன. இப்படி வரும் பொறியாளர் கையில் இருப்பது எம்ப்ளாய்மென்ட் பாஸ். பேச்சில் சுருக்கமாக ‘இ.பி.’

அதற்கு விண்ணப்பிப்பது அவர் அல்ல, கம்பெனி. நீட்டிக்கக் கேட்பதும் கம்பெனிதான். இரவில் தூக்கம் கெடுவது மட்டும் அவருக்கு.

2017 முதல் பல ஆண்டுகள் நடைமுறையில் இருந்த கணக்கைப் பார்த்தால் இது புரியும். மாதச் சம்பளம் 10,000 ரிங்கிட்டும் அதற்கு மேலும் முதல் பிரிவு. ஐந்தாண்டு வரை பாஸ். 5,000 முதல் 9,999 வரை இரண்டாம் பிரிவு, இரண்டாண்டு. 3,000 முதல் 4,999 வரை மூன்றாம் பிரிவு. ஒரே ஆண்டு, அதையும் இரண்டு முறைதான் புதுப்பிக்க முடிந்தது. மூன்றாம் பிரிவினர் மனைவி மக்களைச் சார்ந்தோர் பாஸில் அழைத்துவர முடியவில்லை. அந்தக் கணக்கின்படி 4,800 வெள்ளி (ரிங்கிட்) வாங்கும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். இன்னும் 200 வெள்ளி ஏறினால் குடும்பம் ஒரே வீட்டில். ஏறாவிட்டால் வாட்ஸ்அப் வீடியோவில். சம்பளப் பேச்சுவார்த்தையில் அந்த 200 வெள்ளிக்கு உள்ள கனம் மேசைக்கு எதிர்ப்புறம் இருப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. இந்த எண்கள் கல்வெட்டும் அல்ல. அரசு மாற்றும், மாற்றும்போது உயரத்தான் செய்யும். புதுப்பிக்கும் நேரத்தில் என்ன வரம்பு என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

தவணை முடிய மூன்று மாதம் இருக்கும்போதே விண்ணப்பத்தை நகர்த்தத் தொடங்கலாம். பலர் சறுக்குவது பாஸில் அல்ல, பாஸ்போர்ட்டில். அதன் ஆயுளைத் தாண்டி பாஸ் நீளாது. பாஸ்போர்ட்டில் 14 மாதம்தான் மிச்சம் என்றால், இரண்டாண்டு கேட்டாலும் கைக்கு வருவது அதற்குள்தான். மனைவிக்கும் பிள்ளைக்கும் உள்ள பாஸ் இவருடையதை ஒட்டியே நிற்பது. இங்கே ஒரு தேதி தவறினால் பிள்ளையின் பள்ளிக்கூடம் வரை ஆட்டம் காணும்.

வேலை மாறுவது தனிக் கதை. இ.பி. ஆளுக்குக் கொடுத்ததுபோல் தெரியும். உண்மையில் அந்த ஆள் அந்தக் கம்பெனியில் அந்த வேலையைச் செய்யக் கொடுத்தது. புதிய கம்பெனி புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், பழையது ரத்தாக வேண்டும். நாட்டை விட்டே போவதென்றால் சி.பி.21 என்ற படிவத்தை 30 நாள் முன்னதாக முதலாளி வரித் துறைக்கு அனுப்ப வேண்டும். கடைசிச் சம்பளத்தையும் வரிக் கணக்கு தீரும்வரை நிறுத்தி வைக்க வேண்டும். இந்த நாள் கணக்கில் வரிக்கும் ஒரு பங்கு உண்டு. ஆண்டில் 182 நாள் இருந்தவருக்கு உள்நாட்டார் விகிதம்; இல்லாதவருக்குச் சம்பளத்தில் சுளையாக 30 விழுக்காடு. ஆண்டுப் பிற்பகுதியில் வந்தவர் அடுத்த ஆண்டோடு கோத்துக் காட்டலாம். ஆனால் இடையில் சொந்த வேலையாக 14 நாளுக்கு மேல் ஊரில் தங்கினால் கோத்த நூல் அறுந்துவிடும். தங்கை கல்யாணத்துக்குப் போகிறவர் இதையெல்லாம் எங்கே யோசிக்கிறார்!

கம்பெனியின் பிடியிலிருந்து விலக ஒரு வாசல் உண்டு: 2011-இல் வந்த ‘ரெசிடென்ஸ் பாஸ் – டேலண்ட்’. பத்தாண்டு செல்லும், வேலை மாறினாலும் கூடவே வரும், மனைவியும் வேலைக்குப் போகலாம். மலேசியாவில் மூன்றாண்டு வேலை பார்த்திருக்க வேண்டும், மாதம் 15,000 ரிங்கிட் வாங்க வேண்டும். 4,800-காரருக்கு அது எட்டாத உயரம்.

பாஸும் பெர்மிட்டும் தமிழனுக்குப் புதிதல்ல. 1968-இல் வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது; குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்றது. 1969 மே கலவரத்துக்குப் பின் அது இறுக்கமாக அமலானது. பல்லாண்டுகளாகத் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டியவர்கள், குடிமக்களுக்கான நீல அடையாள அட்டைக்குப் பதில் சிவப்பு அட்டை வைத்திருந்த ஒரே காரணத்தால், அதுவரை செய்த அதே வேலைக்கு அனுமதி கேட்டு நின்றார்கள். குடியுரிமைக்கு எழுதிப் போடாமல் விட்டதற்கு அவர்களிடம் இருந்த காரணம் எளியது: அது தேவைப்படும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஏறத்தாழ 60,000 பேர் இந்தியா திரும்பினார்கள் என்று வரலாற்று நூல்கள் சொல்கின்றன.

அந்த நாளில் பினாங்கையும் நாகப்பட்டினத்தையும் சென்னையையும் இணைத்தது ‘ரஜுலா’ கப்பல். 1926 முதல் ஓடி, 1973-இல் ஓய்ந்தது. பினாங்கின் ஸ்வெட்டன்ஹாம் கப்பல்துறை இன்றும் இருக்கிறது. உல்லாசக் கப்பல்கள் வந்து நிற்கின்றன. குடிநுழைவு அலுவலக வாசலிலிருந்து மணிக்கூண்டைச் சுற்றி நடந்தால் சில நிமிடத் தூரம்.

(தொடரும்)