திரையும் சாவிப்பலகையும் – லினக்ஸ் கணினியின் அமைப்புகளைச் சீர்செய்தல்



பணிசெயல் முறைமையின் தொழில்களுள் ஒன்று சாதனங்களை முகாமை செய்தல் எனப் படித்திருப்பீர்கள். பரீட்சையில் அதை ஒரு வரியில் எழுதிவிடலாம். ஆனால் அந்த ஒரு வரியின் பொருளை விளங்கிக்கொள்ளாதவர் நல்ல நிலையில் உள்ள கணினித் திரையையும் சாவிப்பலகையையும் பழுதென்று எண்ணி மாற்றிவிடுவார். இப்பாடத்தில் லினக்ஸ் பணிசெயல் முறைமையை உதாரணமாகக் கொண்டு, திரை, சாவிப்பலகை, சுட்டி ஆகியவற்றின் அமைப்புகளை ஆராய்வோம்.

ஒரு நிலைமையைக் கருதுக. கொழும்பு புறக்கோட்டையின் முதலாம் குறுக்குத் தெரு இலத்திரனியல் பொருள்களுக்குப் பெயர்பெற்றது. அங்குள்ள ஒரு கடைக்காரர் பாவித்த கணினி ஒன்றை வாங்குகிறார். உரிமக் கட்டணம் இல்லாததால் அதில் லினக்ஸ் நிறுவப்பட்டுள்ளது. பற்றுச்சீட்டைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் அச்சிட விரும்புகிறார். ஆனால் மூன்று குறைகள் தெரிகின்றன.

(அ) திரையில் எழுத்துக்கள் தடித்தும் அகன்றும் மங்கலாகவும் தெரிகின்றன.
(ஆ) சாவிப்பலகையில் ஆங்கில எழுத்துக்கள் மட்டுமே அச்சிடப்பட்டுள்ளன.
(இ) பழைய தமிழ்க் கோப்புகளைத் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துக்கள் தோன்றுகின்றன.

புதிய திரையும் தமிழ் எழுத்துப் பொறித்த சாவிப்பலகையும் வாங்க வேண்டுமா? இம்மூன்றையும் ஒவ்வொன்றாக நோக்குவோம்.

1. திரையின் பிரிதிறன்

திரையில் தோன்றும் படம் பிக்சல் எனப்படும் சிறு புள்ளிகளால் ஆனது. கிடையாக உள்ள பிக்சல்களின் எண்ணிக்கையையும் நிலைக்குத்தாக உள்ள பிக்சல்களின் எண்ணிக்கையையும் சேர்த்துப் பிரிதிறன் என்கிறோம். 1024 × 768 என்பது பழைய சதுரப் பாங்கான திரைகளுக்கு உரியது. அதன் அகல உயர விகிதம் 4 : 3 ஆகும். 1920 × 1080 என்பது அகன்ற திரைகளுக்கு உரியது. அதன் விகிதம் 16 : 9 ஆகும்.

பழைய கதோட்டுக் கதிர்க் குழாய்த் திரைகள் பல பிரிதிறன்களை ஓரளவு சமமாகக் காட்டின. தட்டையான எல்.சி.டி. திரை அவ்வாறன்று. அதில் பிக்சல்கள் தொழிற்சாலையிலேயே நிலையாக அமைக்கப்பட்டுவிடுகின்றன. ஆகவே ஒவ்வொரு எல்.சி.டி. திரைக்கும் இயல்பான பிரிதிறன் ஒன்று உண்டு. 1920 × 1080 திரைக்கு 1024 × 768 பிரிதிறனில் படத்தை அனுப்பினால், அகலம் 1.875 மடங்காகவும் உயரம் ஏறத்தாழ 1.41 மடங்காகவும் இழுக்கப்படும். வட்டம் ஒன்றை வரைந்தால் அது நீள்வட்டமாகத் தோன்றும். எழுத்துக்கள் தடிப்பதும் மங்குவதும் இதனாலேயே. திரையில் பழுது எதுவுமில்லை.

கணினி ஏன் தவறான பிரிதிறனைத் தெரிவுசெய்தது? சாதாரணமாகத் திரை தனது விவரங்களைக் கம்பி வழியாகக் கணினிக்குத் தெரிவிக்கிறது. 15 ஊசிகள் கொண்ட வி.ஜி.ஏ. இணைப்பில் இதற்கென இரு ஊசிகள் (12, 15) பயன்படுகின்றன. கம்பியில் ஊசி உடைந்திருந்தாலோ, மலிவான கம்பியில் அவ்விணைப்பு இல்லாதிருந்தாலோ விவரம் வந்து சேராது. அப்போது லினக்ஸ், எத்திரையிலும் காட்டக்கூடிய ஒரு குறைந்த பிரிதிறனைத் தெரிவுசெய்கிறது. எனவே முதலில் செய்ய வேண்டியது கம்பியை மாற்றிப் பார்ப்பதே.

அடுத்து, க்னோம் இடைமுகத்தில் பின்வரும் படிகளைப் பின்பற்றுக.

படி 1: 'செட்டிங்ஸ்' எனும் அமைப்புகளைத் திறந்து 'டிஸ்பிளேஸ்' என்பதைத் தெரிவுசெய்க.
படி 2: 'ரெசொலூஷன்' பட்டியலில் திரையின் இயல்பான பிரிதிறனைத் தெரிவுசெய்க.
படி 3: 'அப்ளை' என்பதைச் சொடுக்குக.
படி 4: படம் சரியாயின் மாற்றத்தை உறுதிப்படுத்துக.

படி 4 முக்கியமானது. தெரிவு பிழைத்துத் திரை இருண்டுபோனால் பதற வேண்டாம். எதையும் அழுத்தாது சில விநாடிகள் காத்திருங்கள். உறுதிப்படுத்தப்படாத மாற்றத்தை முறைமை தானாகவே கைவிட்டுப் பழைய நிலைக்குத் திரும்பும்.

2000 களில் இவ்வேலை இத்துணை எளிதாக இருக்கவில்லை. எக்ஸ் விண்டோ முறைமையின் அமைப்புக் கோப்பைத் திறந்து, திரையின் விவரங்களைக் கையால் எழுத வேண்டிய நிலை பலருக்கு ஏற்பட்டது. எக்ஸ் விண்டோ 1984 இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவகத்தில் தோன்றியது, அதன் 11 ஆவது பதிப்பு 1987 இல் வெளிவந்தது. புதிய லினக்ஸ் வெளியீடுகள் பலவற்றில் அதன் இடத்தை வேலண்ட் பெற்றுள்ளது. பின்னணி மாறினாலும் பிரிதிறன் பற்றிய தத்துவம் மாறவில்லை.

கவனிக்க: எழுத்துக்கள் மிகச் சிறியனவாகத் தெரிந்தால் பிரிதிறனைக் குறைக்கக் கூடாது. பிரிதிறனை இயல்பான அளவில் விட்டு, 'ஸ்கேல்' என்பதில் அளவீட்டைக் கூட்டுக. எழுத்து பெரிதாகும், தெளிவும் குன்றாது.

2. சாவியை அழுத்தும்போது நிகழ்வது என்ன?

சாவிப்பலகை எழுத்தை அனுப்புவதில்லை. எந்தச் சாவி அழுத்தப்பட்டது என்பதைக் குறிக்கும் ஓர் எண்ணையே அனுப்புகிறது. 'எச்' என அச்சிடப்பட்ட சாவிக்கு லினக்ஸ் கருனி வழங்கும் எண் 35. இவ்வெண்ணை எந்த எழுத்தாக மாற்றுவது என்பதைத் தீர்மானிப்பது பணிசெயல் முறைமையில் தெரிவுசெய்யப்பட்டுள்ள சாவிப்பலகைத் தளக்கோலம் ஆகும்.

ஆங்கிலத் தளக்கோலமாயின், சிறிய 'எச்' எழுத்தின் குறியீட்டெண்ணாகிய 104 கிடைக்கும். தமிழ்99 தளக்கோலமாயின், அதே சாவிக்கு 'க' எழுத்தின் யுனிகோட் எண்ணாகிய 2965 கிடைக்கும். இவ்வெண்ணுக்குரிய வடிவத்தை எழுத்துரு வரைந்து திரையில் காட்டுகிறது. ஆகவே வரிசை பின்வருமாறு அமையும்.

சாவி → சாவி எண் → தளக்கோலம் → எழுத்தின் குறியீட்டெண் → எழுத்துரு → திரை

சாவியின் மேல் அச்சிடப்பட்ட எழுத்துக்கு இவ்வரிசையில் இடமே இல்லை. அது நமது கண்ணுக்கான அடையாளம் மட்டுமே. எனவே தமிழில் எழுதுவதற்குத் தமிழ் பொறித்த சாவிப்பலகை கட்டாயமன்று. பழகும் வரை சாவிகளில் ஒட்டும் தாள் போதுமானது.

3. தமிழ் உள்ளீட்டை அமைத்தல்

1987 ஆம் ஆண்டின் 13 ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தினால் தமிழும் அரச கரும மொழியானது. கடிதமும் விண்ணப்பமும் தமிழில் எழுதும் உரிமை கணினியிலும் நடைமுறையாவதற்குப் பொதுவான தரம் தேவை. இலங்கையில் எஸ்.எல்.எஸ். 1326 : 2008 எனும் தரம் ரெங்கநாதன் தளக்கோலத்தை ஏற்றுக்கொண்டது. தமிழ்நாட்டில், 1999 பெப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட் 99 மாநாட்டையடுத்துத் தமிழ்99 தளக்கோலம் ஏற்கப்பட்டது. இரண்டும் லினக்ஸில் கிடைக்கின்றன.

இவற்றைப் பயன்படுத்த ஐபஸ் எனும் உள்ளீட்டு மென்பொருளும் அதற்குரிய எம்17என் தொகுப்பும் நிறுவப்பட்டிருத்தல் வேண்டும். இரண்டும் கட்டற்ற மென்பொருள்களே. பின்னர்,

படி 1: 'செட்டிங்ஸ்' இல் 'கீபோட்' என்பதைத் திறக்க.
படி 2: 'இன்புட் சோர்சஸ்' என்பதன் கீழ் உள்ள கூட்டல் குறியைச் சொடுக்குக.
படி 3: தமிழைத் தெரிவுசெய்து, ரெங்கநாதன் அல்லது தமிழ்99 முறையைச் சேர்க்க.
படி 4: சிங்களத்தையும் அவ்வாறே சேர்க்க.
படி 5: சுப்பர் சாவியை (விண்டோஸ் அடையாளம் உள்ள சாவி) அழுத்தியவாறு இடைவெளிச் சாவியை அழுத்தி மொழியை மாற்றுக.

உள்ளீட்டு மென்பொருள் எதற்கு? தளக்கோலம் மட்டுமே இருந்தால் ஒரு சாவிக்கு ஓர் எழுத்து என்ற அளவில் வேலை முடிந்துவிடும். தமிழ் எழுத்துக்களோ முன் வந்த எழுத்தைப் பொறுத்து வடிவம் மாறுவன. தமிழ்99 முறையில் 'புறக்கோட்டை' என எழுதிப் பார்ப்போம். அழுத்த வேண்டிய சாவிகள்: ஜே (ப), டி (உ), யூ (ற), எச் (க), எச் (க), எக்ஸ் (ஓ), ஓ (ட), ஓ (ட), ஆர் (ஐ). மொத்தம் 9 அழுத்தங்கள். ஆனால் கோப்பில் சேர்வன 11 யுனிகோட் குறியீடுகள். ஒரே மெய் இரட்டித்து வரும்போது முதலாவதற்கு உரிய புள்ளியை மென்பொருளே இட்டுவிடுகிறது. 'க்க', 'ட்ட' ஆகிய இரு இடங்களிலும் இவ்வாறு இரு புள்ளிகள் சேர்ந்தன. உயிரெழுத்துச் சாவியும் மெய்யின் பின் அழுத்தப்படும்போது உயிர்க்குறியாக மாறிவிடுகிறது.

எச்சரிக்கை: பட்டியலில் ஆங்கிலம் முதலாவதாக இருக்கட்டும். தமிழ்த் தளக்கோலம் செயற்படும்போது கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்தால், சரியான சாவிகளை அழுத்தினாலும் கடவுச்சொல் பிழை என்றே வரும். கடவுச்சொல் மறைக்கப்படுவதால் காரணமும் கண்ணுக்குத் தெரியாது.

4. எழுத்துருச் சிக்கல்

தமிழ் எழுத்துக்களுக்குப் பதிலாக வெற்றுப் பெட்டிகள் தெரிந்தால், குறியீடு சரி. தமிழ் எழுத்துரு இல்லை என்பது பொருள். லோகித் தமிழ், நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற இலவச எழுத்துரு ஒன்றை நிறுவினால் போதும்.

பொருளற்ற ஆங்கில எழுத்துக்கள் தெரிந்தால் காரணம் வேறு. யுனிகோட் பரவலாவதற்கு முன்னர் இலங்கையில் பாமினி எழுத்துரு பெரிதும் பயன்பட்டது. அதில் 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ எனும் ஆங்கில எழுத்துக்களும் ஓர் அரைப்புள்ளியுமாகவே சேமிக்கப்படுகிறது. பாமினி அவற்றுக்குத் தமிழ் வடிவம் தருகிறது. பாமினி இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்துக்களே தெரியும். யுனிகோட்டில் அதே சொல் 2980, 2990, 3007, 2996, 3021 எனும் 5 எண்களாகச் சேமிக்கப்படுகிறது. இவை தமிழுக்கு மட்டுமே உரிய எண்கள். எனவே வேறு கணினியிலும் அது தமிழாகவே இருக்கும், தேடவும் முடியும். பழைய கோப்புகளை எழுத்து மாற்றி மென்பொருளால் யுனிகோட்டுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

5. சுட்டி

'மவுஸ் அன்ட் டச்பாட்' பகுதியில் சுட்டியின் வேகத்தை மாற்றலாம். இடக்கைப் பழக்கம் உள்ளவர் முதன்மைப் பொத்தானை வலப்பக்கத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். இங்கும் வன்பொருள் அதுவே. மாறுவது அதன் சைகைக்குப் பணிசெயல் முறைமை கொள்ளும் பொருள்.

நினைவில் கொள்க

• படம் அகன்று மங்கினால்: கம்பி, பிரிதிறன்
• எழுத்து மாறி விழுந்தால்: தளக்கோலம்
• பெட்டிகள் தெரிந்தால்: எழுத்துரு
• பொருளற்ற ஆங்கிலம் தெரிந்தால்: பழைய குறிமுறை

இந்நான்கையும் சோதித்த பின்னரே வன்பொருள் பழுது என்ற முடிவுக்கு வருக. கடைக்காரர் செலவிட வேண்டியது, தேவைப்பட்டால், ஒரு கம்பிக்கு மட்டுமே.

பயிற்சி வினாக்கள்

1. 1024 × 768 பிரிதிறனில், ஒரு பிக்சலுக்கு 24 பிற்று வீதம் ஒரு முழுத்திரைப் படத்துக்குத் தேவையான நினைவகம் யாது?
விடை: 1024 × 768 = 786,432 பிக்சல்கள். 24 பிற்று = 3 பைற்று. 786,432 × 3 = 2,359,296 பைற்று. 1,048,576 ஆல் வகுக்க, 2.25 மெகாபைற்று.

2. ஒரு மாணவி தமிழ்99 முறையில் 'எச்', 'ஓ', 'ஆர்' சாவிகளை அழுத்துகிறாள். கிடைக்கும் சொல் யாது?
விடை: கடை.

3. ஒரே சாவிப்பலகையால் மூன்று மொழிகளில் எழுத முடிவது ஏன்?
விடை: சாவிப்பலகை சாவியின் எண்ணை மட்டுமே அனுப்புகிறது, அதை எழுத்தாக மாற்றுவது பணிசெயல் முறைமையில் தெரிவுசெய்யப்பட்ட தளக்கோலம் ஆதலால்.