பிக்அப் வண்டிக்கு வலு ஏற்றலாமா?

ஒரு காலத்தில் தோட்டத்து வீட்டு வாசலில் சைக்கிள் நின்றாலே அது பெரிய சொத்து. இன்று பல வீட்டு வாசல்களில் டீசல் பிக்அப் நிற்கிறது. செம்பனைக் குலை ஏற்றுவதும் அதில்தான், குடும்பத்தோடு கோயில் திருவிழாவுக்குப் போவதும் அதில்தான். பெரும்பாலும் வங்கிக் கடனில் வாங்கிய வண்டி. தவணை முடிவதற்குள், "ஒரு சின்னப் பெட்டியை மாட்டினால் போதும், வண்டி பாயும்" என்று யாராவது சொல்வார்கள். பாயத்தான் செய்யும். ஆனால் அது தானியங்கி கியர் வண்டியாக இருந்தால், பாய்ச்சலின் சுமை எங்கே போய் விழுகிறது என்பதை முதலில் பார்ப்போம்.

கைகியர் வண்டியில் கிளட்சை நாம் காலால் இயக்குகிறோம். தானியங்கியில் அந்த வேலையை எண்ணெய் செய்கிறது. இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் ஓடவிட்டால், அதன் காற்றில் மற்றொன்றும் சுழலும் அல்லவா? டார்க் கன்வெர்ட்டர் என்னும் உருண்டையான கூட்டுக்குள் நடப்பதும் இதுதான். காற்றுக்குப் பதில் எண்ணெய். வேகம் நிலைப்பட்டதும் உள்ளே ஒரு கிளட்ச் இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பூட்டிவிடும். அதற்குப் பின்னால் உள்ள கியர்பெட்டியில் கிளட்ச் தட்டுகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. எண்ணெய் அழுத்தம் எந்த அடுக்குகளை நெருக்கிப் பிடிக்கிறதோ, அதற்கேற்ற கியர் விழும். எவ்வளவு அழுத்தமாகப் பிடிக்க வேண்டும் என்பதை வண்டியின் கணினி தீர்மானிக்கிறது.

இங்கேதான் அந்தச் சின்னப் பெட்டியின் வேலை விபரீதமாகிறது. இக்கால டீசல் இஞ்சினில் எரிபொருளின் அழுத்தத்தை ஓர் உணர்கருவி அளந்து கணினிக்குச் சொல்கிறது. சிப் பெட்டி இடையில் புகுந்து, அழுத்தம் குறைவாக இருப்பதாகப் பொய் சொல்கிறது. கணினி அதை நம்பி அழுத்தத்தைக் கூட்டுகிறது. டீசல் கூடுதலாகப் பாய்கிறது. இஞ்சின் ஓங்கி இழுக்கிறது. ஆனால் கணினியின் கணக்கில் இழுவை பழைய அளவுதான். ஆகவே கிளட்ச் தட்டுகளையும் பழைய அளவுக்கே அழுத்திப் பிடிக்கிறது. கயிறு இழுக்கும் போட்டியில் கயிறு நழுவினால் உள்ளங்கை எரியும். அப்படித்தான் தட்டுகள் நழுவி, உராய்ந்து, எண்ணெயைக் காய்ச்சுகின்றன. கியர் எண்ணெய்க்கு 80 முதல் 95 பாகை செல்சியஸ் வழக்கமான சூடு. 120 பாகையைத் தாண்டினால் எண்ணெய் விரைவாகக் கெடும். பிறகு தட்டுகளின் மேற்பூச்சு கருகும். கியர்பெட்டியைப் பிரித்துக் கட்ட ஆயிரக்கணக்கில் வெள்ளி வேண்டும்.

அப்படியானால் வலுவைக் கூட்டவே முடியாதா? முடியும். அதற்கு இரண்டு சொற்களின் வேற்றுமை தெரிய வேண்டும். ஸ்பானரைத் திருகும்போது கை கொடுக்கும் அழுத்தம் முறுக்கு விசை. எவ்வளவு விரைவாகத் திருகி முடிக்கிறோம் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் குதிரை சக்தி. கிளட்ச் தட்டுகளை நழுவச் செய்வது முறுக்கு விசைதான்.

2015-இல் வெளிவந்த டொயோட்டா ஹைலக்ஸ் 2.8 லிட்டர் தானியங்கி வண்டியை எடுத்துக்கொள்வோம். அதன் முறுக்கு விசை 450 நியூட்டன் மீட்டர். அது 1600 முதல் 2400 சுற்று வரை கிடைக்கும். 3400 சுற்றில் 177 குதிரை சக்தி. கணக்குப் போட்டுப் பார்த்தால், அந்த 3400 சுற்றில் முறுக்கு விசை ஏறத்தாழ 365-தான். அங்கே மட்டும் அதை 400-க்கு உயர்த்தினால் சுமார் 194 குதிரை சக்தி கிடைக்கும். தட்டுகளோ 450-க்கு மேல் எதையும் காணவில்லை! நல்ல பட்டறைக்காரர் செய்வது இதைத்தான். கணினியின் நிரலையே மாற்றி எழுதி, கீழ்ச் சுற்றில் உச்ச அளவைத் தொடாமல் விட்டு, மேல்சுற்றில் கொஞ்சம் நிரப்புவார். உண்மையான கணக்கு கியர் கணினிக்கும் போய்ச் சேரும்படி எழுதுவார். "முறுக்கு விசைக்கு எல்லை வைப்பீர்களா?" என்று கேளுங்கள். கேள்வியே புரியாதவரிடம் வண்டியைக் கொடுக்க வேண்டாம்.

உற்பத்தியாளர்களுக்கே இந்தக் கவலை உண்டு. 1990-களின் நடுவில் அமெரிக்காவில் ஓடிய டாட்ஜ் ராம் பிக்அப்பில் ஒரே கம்மின்ஸ் 5.9 லிட்டர் இஞ்சின்தான். கைகியர் வண்டிக்கு 215 குதிரை சக்தி கொடுத்தவர்கள், தானியங்கிக்கு 180-தான் கொடுத்தார்கள். 2020-இல் டொயோட்டா தன் 2.8 லிட்டர் தானியங்கியை 500 நியூட்டன் மீட்டருக்கும் 204 குதிரை சக்திக்கும் உயர்த்தியபோது, டர்போவையும் இஞ்சினின் பல பாகங்களையும் சேர்த்தே மாற்றியது. ஒரு கம்பியைச் செருகி அந்த வேலையை முடிக்கவில்லை.

ஆனால் குலை ஏற்றி மேடு ஏறுகிறவருக்கு மேல்சுற்று வலு எதற்கு? அவருக்குக் கீழ்ச்சுற்று இழுவையல்லவா வேண்டும்? நியாயமான கேள்வி. அந்த இழுவையை இஞ்சினில் தேடுவதைவிட, வண்டியில் ஏற்கெனவே இருக்கும் தாழ்ந்த நான்கு சக்கரக் கியரில் தேடுவதே மேல் என்பது நம் கருத்து. அதைப் போட்டால் சக்கரத்துக்குப் போகும் இழுவை பெருகும். கன்வெர்ட்டரும் குறைவாகவே வேகும். பலர் அந்தக் குமிழைத் தொட்டதே இல்லை. சேற்றில் மாட்டிக்கொண்டால், சக்கரம் நகராத நிலையில் எண்ணெய்க் கட்டையை மிதித்துக்கொண்டே இருக்காதீர்கள். அப்போது இஞ்சினின் வலுவெல்லாம் எண்ணெயைச் சூடாக்குவதற்கே போகிறது.

வலு குறைந்ததாகத் தோன்றும் பல வண்டிகளில் குறைந்திருப்பது பராமரிப்புதான். செம்மண் தூசி அடைத்த காற்று வடிகட்டி, மாற்றாத டீசல் வடிகட்டி, டர்போவிலிருந்து வரும் ரப்பர்க் குழாயில் ஒரு வெடிப்பு... இவற்றைச் சரிசெய்தாலே இழந்த வலு திரும்பிவிடும். அதன் பிறகும் வேண்டுமென்றால், முதல் செலவு கியர் எண்ணெய்க்காக இருக்கட்டும். உற்பத்தியாளர் குறித்த வகையையே ஊற்றுங்கள். பல புது வண்டிகளில் எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியே கிடையாது. குறித்த சூட்டில் வைத்து அளக்க வேண்டும். அதைச் செய்யத் தெரிந்த பட்டறைக்கே போங்கள். பாரம் இழுக்கிறவர்கள் கூடுதலாக ஓர் எண்ணெய்க் குளிர்விப்பானையும், சூட்டைக் காட்டும் அளவியையும் பொருத்தினால் நல்லது. நிரலை மாற்றுவது அதற்கடுத்த வேலை. உத்தரவாதக் காலத்தில் உள்ள வண்டியானால், அது ரத்தாகக்கூடும் என்பதையும், காப்புறுதி நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஏற்கெனவே பெட்டி மாட்டியிருப்பவர்கள் மூன்றைக் கவனியுங்கள். சுற்று ஏறியும் வேகம் ஏறாமல் இருக்கிறதா? நெடுஞ்சாலையில் சீராக ஓடும்போது, சாலையில் கற்கள் பதித்ததுபோல் நடுக்கம் வருகிறதா? எண்ணெய் கருத்துத் தீய்ந்த வாடை அடிக்கிறதா? இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே பெட்டியைக் கழற்றிவிட்டு, பாரம் ஏற்றாமல் வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.