பாய்ப்படகுப் பந்தயமும் திருத்திய நேரமும்

பாய்ப்படகுப் பந்தயத்தில் எல்லையை முதலில் எய்தியவரே வென்றார் என எண்ணுதல் தவறு. நீண்ட உடலும் விரிந்த பாயுமுடைய படகு முந்துதல் இயல்பு. அதனாற் படகோட்டியின் திறமை விளங்காது. எனவே, ஓடிய நேரத்தைத் திருத்திக் கணிக்கின்றனர்.

இங்கிலாந்தில் எழுந்த போர்ட்ஸ்மத் முறையில், முன்னைய பந்தயங்களின் பெறுபேறுகளைக் கொண்டு ஒவ்வொரு படகு வகைக்கும் ஓர் எண் வழங்குவர். விரைவு மிக்கதற்கு எண் சிறிது. ஓடிய நேரத்தை 1000 ஆற் பெருக்கி அவ்வெண்ணால் வகுத்தல் வேண்டும். 1000 என்னும் எண்ணுள்ள படகு 60 நிமிடத்திலும், 1200 உள்ளது 70 நிமிடத்திலும் வந்தால், பின்னதன் திருத்திய நேரம் 58 நிமிடம் 20 செக்கன், பரிசு அதற்கே.

கடல்மைலொன்றுக்கு இத்தனை செக்கன் எனச் சலுகையளிக்கும் முறையும் உண்டு. காற்று மடிந்து பந்தயம் இருமடங்கு நீளினும் அச்சலுகை வளராது. சிறுபடகினர் முறையிடுவது நியாயமே. பெரிய படகுகள் எல்லை சேர்ந்தபின் காற்று வீழ்ந்துவிடின், எம்முறையும் அவர்க்கு உதவாது.

1945 இல் நடந்த முதலாவது சிட்னி–ஹோபார்ட் பந்தயத்தில் இவ்வழக்கு எழவேயில்லை. ஜோன் இல்லிங்வேர்த் செலுத்திய ‘ராணி’ (பெயர் நமக்கு அந்நியமன்று!) 35 அடிப் படகே, ஆயினும், புயலையும் தாண்டி எல்லையை முதலில் எய்தியதும் அதுவே, திருத்திய நேரத்தில் வென்றதும் அதுவே.